கம்பஸ் வாசலுக்குப் போகுமுன்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உடுவிலிலும் இணுவிலிலும் சுன்னாகத்திலும் ஒவ்வொரு வருடமும் இப்படி நிற்கும் பிள்ளைகள் ஏராளம். பெறுபேறு வர மாதங்கள் எடுக்கும். பிறகு வெட்டுப்புள்ளி வர இன்னும் மாதங்கள். இந்த இடைவெளியில் அநேகம் பேர் ஒரு கணினி வகுப்புக்குப் போவார்கள், ஒரு ஆங்கில வகுப்புக்குப் போவார்கள், மிச்ச நேரம் போனோடு போய்விடும். தாங்கள் நாலு வருடம் இருந்து படிக்கப்போகும் இடத்தை ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று நினைக்கிற பிள்ளைகளைத்தான் காண்பது அருமை.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தாய் தகப்பனோடு கல்லூரி கல்லூரியாகப் போய்ச் சுற்றிப் பார்த்து, சில இடங்களில் ஒரு நேர்முகத்துக்கும் இருந்துவிட்டுத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். இங்கே இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் தீர்மானிப்பதால், போய்ப் பார்த்து என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள். பயன் இருக்கிறது. சில வாசல்களில் புள்ளி மட்டும் போதாது, ஆளையும் பார்க்கிறார்கள். நுண்கலைக்கு உளச்சார்புப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகப் பரீட்சை உண்டு. முதலாவது மருதனார்மடத்தில், இரண்டாவது கோப்பாயில். உடுவில் பிள்ளைக்கு இரண்டும் சைக்கிள் தூரம். நான் சங்கீதம் படிப்பித்தவள், பிள்ளைகளை இந்த இரண்டு வாசலுக்கும் ஆயத்தப்படுத்தி அனுப்பியவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. தெரிவு வரிசை எழுதுமுன் இடத்தைப் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதவேண்டும். அந்த வரிசையைப் பல வீடுகளில் பிள்ளை எழுதுவதில்லை. ரியூசன் சேர் ஒரு வரிசை சொல்வார். கனடாவில் இருக்கும் மாமா போனில் இன்னொரு வரிசை சொல்ல, அண்ணை கணினியில் பதிவார். பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு நாலு வருடம் போய் இருந்து படிக்கவேண்டியது அந்தப் பிள்ளைதான்.

இந்த வரிசை விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு பாடநெறிக்குத் தெரிவானால், அதற்கு மேலே நீங்கள் எழுதிய தெரிவில் வெற்றிடம் வந்தால் மட்டுமே மாற இடமுண்டு. கீழே எழுதியதுதான் பிடிக்கிறது என்று பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த தடவை பரீட்சை எழுதி வேறு பாடநெறிக்கு அனுமதி எடுப்பதும் நடக்காது. ஆகவே, எழுதுமுன் பார்க்கவேண்டும்.

‘யாழ்ப்பாணக் கம்பஸ்’ என்றவுடன் திருநெல்வேலிதான் எல்லாருக்கும் கண்ணில் தெரிகிறது. கலைப்பீடமும் விஞ்ஞானபீடமும் அங்கே உள்ளன. ஆனால் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். சித்த மருத்துவம் கைதடியில். இசையும் நடனமும் சித்திரமும் எங்கள் மருதனார்மடத்தில். வவுனியாவில் வளாகமாக இருந்தது 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நம்பிப் பொறியியலை முதலில் எழுதிய பிள்ளை, உடுவிலிலிருந்து எழுபது கிலோமீற்றர் அளவு தூரத்தில் விடுதி தேடி நிற்கும். விடுதியில் இருந்து படிப்பது நல்ல காரியம். அதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். அறிவியல் நகருக்கு ரயில் நிலையமே இருக்கிறது. சுன்னாகத்தில் ஏறினால் ஒரு பகலில் போய்ப் பார்த்துத் திரும்பலாம்.

2. வேலை நாளில் போங்கள், காலையில் போங்கள்.

ஒரு இடத்தின் குணம் அது இயங்கும்போதுதான் தெரியும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலோ வெசாக் விடுமுறையிலோ போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணம் முழுக்கத் திருவிழாச் சனம். திருநெல்வேலிக்குப் போய்வரவே அரைநாள் போய்விடும். வைகாசியிலிருந்து சோழகம் புழுதியை அள்ளி வீசும். பதினொரு மணிக்குப் பிறகு வெயிலில் நின்று எதையும் நிதானமாகப் பார்க்க இயலாது. எட்டரைக்கு வாசலில் நின்றால் விரிவுரைக்குப் போகிறவர்களையும் காணலாம், அலுவலகம் திறப்பதையும் காணலாம்.

வாசலில் காவலாளி மறித்துக் கேட்பார். அது அவருடைய கடமை. முதல்நாளே துறை அலுவலகத்துக்குப் போன் எடுத்து, உயர்தரம் எழுதிய பிள்ளை, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஊரில் அங்கே படிக்கிற அக்காவோ அண்ணையோ இருந்தால் அவரோடு போவது இன்னும் நல்லது. அடையாள அட்டையை மறக்கவேண்டாம்.

3. கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

மருதனார்மடத்தையே எடுப்போம். ஆஞ்சநேயர் கோவிலுக்கும் சந்தைக்கும் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தால்தான் போயிருப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா? சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கு என்று 1913இல் இங்கே இராமநாதன் கல்லூரியைத் தொடக்கினார். 1930இல் காலமான அவருடைய சமாதியும் அந்தக் கல்லூரி வளவில்தான். அவருடைய மருமகன் நடேசபிள்ளை 1960இல் இசைக்கல்லூரியை உண்டாக்கினார். மகாராஜபுரம் சந்தானம் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதற்கு அதிபராக இருந்தார். அப்படிப்பட்ட வித்துவான் எங்கள் செம்மண் ஊரில் வந்து இருந்து படிப்பித்தார் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் 1974இல் தொடங்க, அடுத்த வருடம் இசைக்கல்லூரி அதனோடு இணைந்தது. இந்தக் கதையை நேர்முகத்தில் ஒப்புவிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. எந்த வாசலுக்குள் கால் வைக்கிறோம் என்று தெரிந்த பிள்ளையின் நடையே வேறாக இருக்கும்.

உள்ளே போனதும் முதலில் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நில்லுங்கள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் வாசியுங்கள். நேரசூசி எப்படி இருக்கிறது, கிழமையில் எத்தனை மணித்தியாலம் செயன்முறை, எத்தனை மணித்தியாலம் எழுத்துப் பாடம், எந்தப் பாடத்துக்கு வரவு குறைந்தவர்களின் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அடுத்த கச்சேரி எப்போது, யார் பாடுகிறார்கள். நுண்கலைக்கு வரும் பிள்ளைகள் பலர், நாள் முழுக்கப் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். இசை வரலாறும் கோட்பாடும் ஆய்வுக் கட்டுரையும் படிக்கவேண்டும் என்பதை அந்தப் பலகை பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

பிறகு பயிற்சி அறைப் பக்கம் போய்க் கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் யாராவது சாதகம் பண்ணுகிறார்களா? ஆசிரியர் திருத்தும்போது பிள்ளை பயந்து குரலை விழுங்குகிறதா, திரும்பத் துணிந்து பாடுகிறதா? நூலகத்தில் உங்கள் பாடத்துத் தட்டைப் போய்ப் பாருங்கள். குடிதண்ணீர் எங்கே, கழிவறை எப்படி என்றும் பாருங்கள். பெண்பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து வருத்தம் தேடிக்கொள்கிறார்கள். கூச்சப்படவேண்டாம்.

ஆரோடு கதைப்பது என்றால், இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு கதையுங்கள். முதல் வருடத்தவருக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை. இறுதி வருடத்தவருக்கு வேலை பற்றிய யோசனை. இரண்டாம் வருடத்துப் பிள்ளைக்குத்தான் வந்தபோது என்ன நினைத்தோம், இப்போது என்ன தெரிகிறது என்ற இரண்டும் ஞாபகத்தில் இருக்கும். ‘நல்லதா’ என்று கேட்டால் ‘ஓம், நல்லது’ என்றுதான் பதில் வரும். நேற்று நீங்கள் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மாதம் சாப்பாட்டுக்கும் அறைக்கும் எவ்வளவு முடிகிறது என்று கேளுங்கள். இங்கே முடித்த அக்காமார் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

4. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதையே எடுக்காதீர்கள்.

சங்கீதமும் நடனமும் படிக்க மட்டக்களப்பில் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ‘யாழ் நூல்’ எழுதிய விபுலானந்த அடிகளின் பெயரைக் கொண்ட நிறுவகம் அது. அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மட்டக்களப்புத் தமிழைக் கேட்டு, அந்த ஊரின் கூத்தைப் பார்த்து நாலு வருடம் வளரும் பிள்ளைக்கு வேறொரு காது கிடைக்கும்.

பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அம்மாமார் கேட்பார்கள். உடுவிலில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கக்கூடாது என்று நான் சொல்வேன். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று எங்கள் முன்னோர் கேட்ட காலம் அது. எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் கப்பலில் வந்து இறங்கி, நாற்பது வருட அளவு இந்த ஊர்ப் பிள்ளைகளைப் படிப்பித்து, தாய்நாட்டுக்குத் திரும்பாமல் மானிப்பாயிலேயே காலமானார். அந்தப் பெண்கள் கடல் கடந்து வந்து படிப்பித்த ஊரில் இருந்துகொண்டு, மட்டக்களப்பு பஸ்ஸுக்கு ஏன் தயங்கவேண்டும்?

5. இரண்டு விண்ணப்பம் என்பதை மறக்காதீர்கள்.

நுண்கலை போல உளச்சார்புப் பரீட்சை உள்ள பாடநெறிக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் கேட்கும்போது அங்கேயும் தனியாக விண்ணப்பித்து, பரீட்சைக்குப் போய்ச் சித்தியடையவேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்ட பிள்ளைகள் நல்ல குரலோடு வீட்டில் இருக்கிறார்கள். கல்வியியற் கல்லூரிக்கான அழைப்பு வேறு, அது வர்த்தமானியில் வரும். மூன்றுக்கும் முடிவுத் திகதிகளைக் கலண்டரில் பெரிதாக எழுதி, சமையலறைச் சுவரில் தொங்கவிடுங்கள். ஆணைக்குழுவின் கைநூலை நீங்களே வாசியுங்கள். ரியூசன் சேர் சொன்னதோடு நின்றுவிடவேண்டாம்.

6. பத்திரங்களை இப்போதே எடுத்து மேசையில் பரப்புங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், விளையாட்டு, சாரணர், தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழ்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதியிருந்தால் அந்தத் தரச் சான்றிதழ்களும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அருகருகே வைத்துப் பெயரை மட்டும் வாசியுங்கள்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இடறுகிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ‘மகாலிங்கம்’, பள்ளிக்கூடப் பதிவில் ‘மஹாலிங்கம்’. ஆங்கிலத்தில் ஒரே பெயர் ஒன்றில் ‘T’ என்று தொடங்கும், மற்றதில் ‘Th’ என்று எழுதியிருக்கும். அடையாள அட்டையில் முதலெழுத்து ஒன்று குறையும். வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. நேர்முகத்தில் இருப்பவர் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பார், பார்க்கவேண்டியது அவருடைய வேலை. பிழை கண்டால் உடனே உடுவில் பிரதேச செயலகத்துக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். திருத்தம் ஒரு நாளில் முடியாது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரங்கள் எத்தனை வீடுகளில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கின்றன! பிள்ளையின் பத்திரத்துக்குத் தாய் தகப்பனின் விவாகப் பத்திரம் தேவைப்படும்போதுதான் அது இல்லை என்று தெரியவருகிறது. அதையும் இப்போதே எடுத்துவையுங்கள்.

மூலப் பத்திரங்கள் ஒரு பைலில், சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதிகள் இன்னொரு பைலில். கேட்ட ஒழுங்கில் அடுக்குங்கள். கேட்பவர் முன்னால் பையைக் கிண்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்த அரை நிமிடத்திலேயே கை நடுங்கத் தொடங்கிவிடும். பிறகு பாட்டும் நடுங்கும்.

7. செயன்முறைப் பரீட்சைக்கு அந்நியர் முன்னால் பாடிப் பழகுங்கள்.

குருவுக்கு முன்னால் பாடுவது சுலபம். அவருக்கு உங்கள் குரல் தெரியும், எந்த இடத்தில் மூச்சு எடுப்பீர்கள் என்று தெரியும், தாளம் பிசகுமுன் அவர் கை தொடையில் விழும். பரீட்சகருக்கு உங்களைத் தெரியாது. நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டிருப்பார். அந்த முகம் காட்டாத மௌனத்தில் பாடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் செய்வேன். முன் விறாந்தையில் மேசை போட்டு, பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவையும் எதிர்வீட்டில் நிற்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவையும் கூப்பிட்டு இருத்துவேன். ஆளுக்கொரு கொப்பியும் பேனாவும் கொடுப்பேன். சிரிக்கவேண்டாம், தலையாட்டவேண்டாம், சும்மா ஏதாவது எழுதிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவைப்பேன். பிள்ளை கேற்றடியிலிருந்து நடந்துவந்து, வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, சுருதி வைத்துப் பாடவேண்டும். வீட்டில் கல்யாணியைக் கண்ணை மூடிக்கொண்டு பாடும் பிள்ளை, அந்த இரண்டு பேனாக்களும் அசைவதைக் கண்டவுடன் பல்லவியின் இரண்டாவது சங்கதியில் நின்றுவிடும். பரவாயில்லை. அங்கே நிற்பதற்கு இங்கே நின்றுவிடட்டும். சில கிழமையில் பழகிவிடும்.

உங்கள் சுருதி எத்தனை கட்டை என்று உறுதியாகத் தெரிந்திருக்கவேண்டும். ஐந்தரையில் நன்றாகப் பாடும் பிள்ளை, ஆறில் பாடினால் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும் என்று நினைத்து மேல் பஞ்சமத்தில் கத்தும். வேண்டாம். போனில் இருக்கும் சுருதியை மட்டும் நம்பிப் போகவேண்டாம், சுருதிப்பெட்டியையும் கொண்டு போங்கள். வர்ணத்தை இரண்டு காலமும் தாளம் போட்டுச் சுத்தமாகப் பாடுவது, பாதி தெரிந்த பெரிய கீர்த்தனையைவிட மேல். ரியூசனில் பரீட்சைக்கென்று எழுதிக்கொடுத்துப் பாடமாக்கிய கற்பனாஸ்வரத்தை, கேட்டுப் பழகிய காது உடனே கண்டுபிடித்துவிடும். மோகனத்தில் நாலு ஆவர்த்தனம், சின்னதாக, உங்களுடையதாகப் பாடுங்கள். எடுப்பு வந்து சேருகிற இடத்தில் மட்டும் பிசகக்கூடாது.

இன்னொன்று, காது. இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன ஊர்கள். இணுவில் கந்தசுவாமி கோவில் திருவிழாவில் சாமி வீதி வரும்போது மேளத்துக்குப் பின்னால் நடந்து தாளம் எண்ணுங்கள். ஒரு ராகத்தை அங்கே ஒரு மணித்தியாலம் ஊதக் கேட்ட பிள்ளைக்கு, ‘இது என்ன ராகம்’ என்று பரீட்சகர் கேட்டால் பயம் வராது. இதற்கு எந்த வகுப்பிலும் கட்டணம் கட்டவேண்டியதில்லை.

நடனத்துக்குப் போகிறவர்கள் மாபிள் தரையில் மட்டும் ஆடிப் பழகவேண்டாம். சீமெந்திலும் ஆடிப்பாருங்கள், அரைமண்டி இறங்கும்போது காலுக்கு வேறுபாடு தெரியும். சித்திரக்காரர் தாங்கள் பழகிய பென்சிலையே கொண்டு போகவேண்டும், புதுசு வாங்கவேண்டாம்.

8. ‘சேவை செய்ய விரும்புகிறேன்’ என்று சொல்லாதீர்கள்.

கோப்பாய்க் கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில் கட்டாயம் எதிர்பார்க்கவேண்டிய கேள்வி, ஏன் ஆசிரியராக வரப்போகிறீர்கள் என்பது. பத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பத்தும் சேவை என்றுதான் சொல்லும். சொன்ன பிள்ளைக்கும் அதில் ஒன்றும் இல்லை, கேட்டவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நீங்கள் இதுவரை யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? தம்பிக்கு ஏழாம் வாய்ப்பாடு? அயல்வீட்டுப் பிள்ளைக்கு உயிர்மெய் எழுத்து? அப்போது அந்தப் பிள்ளை எந்த இடத்தில் விளங்காமல் நின்றது, நீங்கள் என்ன மாற்றிச் சொன்னீர்கள்? அதைச் சொல்லுங்கள். இதுவரை அப்படி ஒன்றும் செய்யவில்லை என்றால், இந்தக் காத்திருக்கும் மாதங்கள் அதற்குத்தான். அறநெறிப் பாடசாலையிலோ ஞாயிறு பாடசாலையிலோ போய்ச் சின்னப் பிள்ளைகளோடு இருங்கள். பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அப்போதே தெரிந்தால் அதுவும் பெரிய லாபம். படிப்பிக்கப் பிடிக்காத ஆசிரியரிடம் அகப்படும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பாவத்தைத் தேடிக்கொள்ளவேண்டாம்.

கல்வியியற் கல்லூரியில் நடப்பது மூன்று வருடப் பயிற்சி. இரண்டு வருடம் கல்லூரியில் தங்கி, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வு. முடிந்ததும் முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் என்று நினைக்கக்கூடாது. தீவகமோ வன்னியோ வந்தால் போவீர்களா என்று கேட்டால், உங்கள் மனதில் உள்ளதை யோசித்துச் சொல்லுங்கள். அதை வீட்டில் முதலே கதைத்துவிட்டுப் போங்கள். அங்கே போய் அம்மாவின் முகத்தைத் தேட முடியாது.

கேள்வி விளங்காவிட்டால் ‘சேர், இன்னொருக்கால் சொல்லுங்கோ’ என்று கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். மேடைத் தமிழ் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, அவசரப்படாமல், வசனத்தை முடித்துப் பேசினால் போதும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உங்களை அறிமுகப்படுத்த நாலு வசனம் தெரிந்திருக்கட்டும்.

9. உடுப்பு.

சுத்தமானது, தோய்த்து மினுக்கியது, ஏற்கனவே உடுத்திப் பழகியது. முதன்முதலாகச் சேலை கட்டும் நாள் அந்த நாளாக இருக்கக்கூடாது.

10. அம்மா அப்பாவுக்கு.

கூட்டிக்கொண்டு போங்கள், வாசல்வரை நில்லுங்கள். உள்ளே பிள்ளை கதைக்கட்டும். இடம் பார்க்கப் போகும் நாளில்கூட, அலுவலகத்தில் கேள்வி கேட்கவேண்டியது பிள்ளைதான். நீங்கள் பதில் சொல்லத் தொடங்கினால், பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பிள்ளை உங்கள் பின்னால் ஒளியத் தொடங்கும்.

ஆள் பிடிக்கப் போகவேண்டாம். இன்னாரைத் தெரியும், சொல்லி எடுக்கலாம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு கொடுக்கவேண்டாம். பிள்ளைக்கு அது தெரியவந்தால், தன் பாட்டில் கிடைத்த இடத்தையும் அது நம்பாது. வாழ்நாள் முழுக்க அந்தச் சந்தேகம் கிடக்கும்.

செலவை நினைத்து மறிக்கவும் வேண்டாம். கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த 1945இலிருந்து எங்கள் தோட்டக்காரரின் பிள்ளைகளும் கடலோடிகளின் பிள்ளைகளும் அந்த வழியால்தான் மேலே வந்தார்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களுக்கு நிதியுதவியும் உண்டு. வருமானச் சான்றிதழைக் கிராம அலுவலரிடம் நேரத்தோடு எடுத்துவையுங்கள். வெங்காயமும் புகையிலையும் விற்ற காசு வரும் மாதத்தை மட்டும் கணக்குப் பார்த்து எழுதாமல், வருடம் முழுக்கப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள்.

11. பகிடிவதை.

இதை எழுதாமல் விடமுடியாது. இடம் பார்க்கப் போகும்போதே இதைப் பற்றிக் கேளுங்கள். முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது, மாணவ ஆலோசகர் யார், அவருடைய அறை எது. இந்த நாட்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். ‘அது சும்மா பகிடி, எல்லாருக்கும் நடக்கிறது, பிறகு சிநேகிதராகிவிடுவீர்கள்’ என்று சொல்கிற அண்ணைமாரை நம்பவேண்டாம். சிநேகிதம் அப்படி வருவதில்லை. ஒரு பிள்ளையை முழங்காலில் இருத்தி, அழப்பண்ணி, போனில் திட்டி, அதன் படிப்பையே குழப்பிவிட்டுப் பகிடி என்று சொல்வது கொடுமை. நடந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், திகதியும் நேரமும் இடமும் குறித்துவையுங்கள். மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். பெற்றோரே, பிள்ளை சொன்னால் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லாதீர்கள்.

அடுத்த வருடம் நீங்கள் மூத்தவர்களாகும்போது அதைச் செய்யமாட்டோம் என்ற முடிவையும் இப்போதே எடுங்கள்.

12. கிடைக்காவிட்டால்.

உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். ஆனால் அதே பாடத்தை, அதே ரியூசனில், அதே கொப்பியை வைத்து மூன்றாம் தடவை எழுதுமுன் நன்றாக யோசியுங்கள். திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இந்த இடங்களையும் பட்டியலில் சேர்த்து, கம்பஸ் பார்க்கப் போகும் அதே கோடையில் போய்ப் பாருங்கள். தோற்ற பிறகு வேண்டாவெறுப்பாகப் போய்ப் பார்க்கிற கண்ணுக்கு நல்லது தெரியாது.

பாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் பாட்டை விடவேண்டாம். சங்கீத சபைப் பரீட்சைகள் ஆசிரியர் தரம்வரை இருக்கின்றன, எழுதிக் கலாவித்தகர் பட்டம் எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டு ஊரில் நல்ல வகுப்பு நடத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

13. கிடைத்தால்.

தெரிவுக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்ததும் முதல் வேலை, பதிவுக்கான திகதியைப் பார்ப்பது. கொண்டாட்டம் பிறகு. அந்தத் திகதிக்குள் பதியாவிட்டால் இடம் போய்விடும், காரணம் கேட்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த போன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதிவு முடியும்வரை மாற்றவேண்டாம். சிம்மை மாற்றிவிட்டுச் செய்தி வரவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு. பதிவுக்குப் போகும் நாளில், நேர்முகத்துக்குக் கொண்டுபோன அந்த இரண்டு பைல்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு, எட்டரைக்கு வாசலில் நில்லுங்கள்.